சுவர்ச்சிலந்தி கொடுத்த வாக்கு

பூச்சிகள் வாசலில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் வந்த அந்தக் காலத்தில், பெரிய சுவர்ச்சிலந்தியும் மற்றச் சிலந்திகளைப் போலத்தான் இருந்தாள். கால்களை விரித்தால் உள்ளங்கை அகலம் வருவாள். உடம்பு உருண்டையாக இருக்கும். கூரை மூலையில் வலை கட்டுவாள். முட்டைப் பையை வலையின் நடுவில் தொங்கவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருப்பாள்.

ஒரு ஐப்பசி மழையில் அவள் மருதையன் வேளாரின் வீட்டுக்கு வந்தாள். மருதையன் பானை சட்டி செய்கிறவர். ஊரில் யாருக்கு அக்கி வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். கொப்புளம் கிளம்பிய இடத்தைச் சுற்றி, காவியைக் குழைத்து, கோழி இறகால் சிங்கமும் நாயும் எழுதுவார். எழுதி முடித்ததும், எட்டுக்கால் பூச்சியின் மூத்திரம் பட்டிருக்கிறது, மூன்று நாளில் அமுங்கிவிடும் என்று சொல்வார். அவருடைய அப்பாவும் அதையேதான் சொன்னார். அது உண்மையா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. சொன்னதும் வந்தவர்களின் முகம் தெளிந்தது. அது போதுமாக இருந்தது.

அன்று மருதையன் சூளையடியில் இருந்தார். வாசலுக்கு வந்தவள் அவர் மனைவி சடைச்சி. அவளுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதற்காவது சாவின் கண் படாமல் இருக்கட்டும் என்று குப்பையில் ஒருமுறை போட்டெடுத்து, குப்பாயி என்று பேர் வைத்திருந்தாள். தூளி ஆடாமல் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஆடினாலும் போய்ப் பார்ப்பாள். இரண்டு நாளைக்கு முன்புதான் தூளிக்கு நேர்கீழே ஒரு தேள் போனது.

சிலந்தியைக் கண்டதும் அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் தேளை நினைத்துக்கொண்டு, உன்னால் அக்கி வருமாமே என்று நேராகவே கேட்டாள்.

"எனக்கே தெரியாம எங்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கா தாயி?" என்றாள் சிலந்தி. "கரப்பானைப் பிடிப்பேன். தேளு வந்தா முன்கூட்டியே சொல்லுவேன். மழைக்கு ஒரு மூலை குடு, போதும்."

சடைச்சி தூளியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள்.

"நாங்க உள்ள வந்தா நீ ஓடக் கூடாது. இருந்த இடத்துல அப்படியே நிக்கணும். நீ எங்க இருக்கேன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா எனக்குப் பயமில்ல. தெரியாமப் போனாத்தான் பயம்."

சிலந்தி சம்மதித்தாள். ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். மருதையன் வந்து இதைக் கேட்டபோது முகம் சுளித்தார். ஆனால் பிள்ளையைக் காட்டி மனைவி சொன்ன எதற்கும் அவர் மறுப்புச் சொல்வதில்லை.

ஒரு மாதம் நல்லபடியாகப் போனது. சிலந்தி முட்டையிட்டாள். வெள்ளை வில்லை போன்ற பையை வலையின் நடுவில் கட்டி, மூன்று நாளாக அதைவிட்டு அசையவில்லை. சூளைப் புகையின் கரி வலையின் மேல் அப்படியே படிந்திருந்தது. மருதையன் தினமும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

நான்காம் நாள் காலையில் குப்பாயி வீறிட்டு அழுதாள். விலாவிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. சடைச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தாள். மூத்தவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மூத்தவன் செத்தது காய்ச்சலில்.

அழுகை கேட்டு அடுத்த வீட்டு மூக்காயி வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த வலையைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் அக்கி எழுதுற வீட்டுல அக்கியைக் கூப்பிட்டு வச்சுக் குடும்பம் நடத்துறீகளாக்கும்," என்றாள்.

மருதையன் காவியைக் குழைத்தார். சிங்கத்தின் வால் கோணலாக வந்தது. எழுதி முடித்து இறகைக் கீழே வைத்தார்.

"எதனால வந்துச்சு? சொல்லுங்க," என்று கேட்டாள் சடைச்சி.

அவர் மேலே பார்த்தார். வலையில் கரி கலையாமல் இருந்தது. ஒரு கால்தடம்கூட அதில் இல்லை. மூன்று நாளாக நகராத ஒருத்தி தூளிவரைக்கும் எப்படி வந்திருப்பாள் என்ற கேள்வி அவருக்குள் எழத்தான் செய்தது. ஆனால் மூக்காயி பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமாக ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டில் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வது?

"எட்டுக்கால் பூச்சிதான்," என்றார்.

சடைச்சி பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

சிலந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். விளக்குமாறு உயர்ந்தபோதும் ஓடவில்லை. "நிக்கச் சொன்னே தாயி, நிக்கிறேன்," என்று மட்டும் சொன்னாள். முதல் அடியில் வலை கிழிந்தது. அவளுடைய ஒரு கால் அறுந்து விழுந்தது. அப்போதும் நின்றாள். இரண்டாவது அடியில் முட்டைப் பை தரையில் விழுந்தது. அதை மிதிக்கச் சடைச்சியின் கால் உயர்ந்தது.

அப்போதுதான் சிலந்தி வாக்கை மீறினாள். சுவரில் சரசரவென்று இறங்கி, பாதத்துக்கு அடியிலிருந்து பையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரிசலில் புகுந்தாள். ஓலை நுழையும் அளவுதான் அந்த விரிசல். உருண்டை உடம்பு அதில் போகவில்லை. விளக்குமாற்றுக் குச்சிகள் பின்னால் குத்திக்கொண்டே இருந்தன. அவள் கால்களைப் பக்கவாட்டில் விரித்து, தன்னைத் தட்டையாக நசுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் சடைச்சி தூளிப் புடவையைத் துவைக்க அவிழ்த்தாள். சற்று நேரத்தில் அவளுடைய முழங்கையெல்லாம் எரிந்தது. பிள்ளைக்கு வந்த அதே தடிப்பு. புடவையை உதறினாள். மடிப்பிலிருந்து நசுங்கிய கம்பளிப்பூச்சி ஒன்று விழுந்தது. முந்தின நாள் வேலி ஈரமாக இருந்ததால், புடவையை முருங்கைக் கிளையில் காயப்போட்டவள் அவள்தான்.

புடவையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருதையன் வந்ததும் கையை நீட்டிக் காட்டினாள்.

"நான் போட்டதுங்க," என்றாள்.

"சொன்னது நான்," என்றார் அவர்.

அவர் போய்க் கதவு நிலையோரம் குனிந்து கூப்பிட்டார். விரிசலுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றும் தெரியவில்லை. சடைச்சி பிள்ளைக்கு எண்ணெய் தடவுவதும் விரிசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். பொழுது சாயும்வரை ஒருவரும் சாப்பிடவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் சடைச்சி உள்ளே போனபோது சிலந்தி சுவரில் இருந்தாள். ஏழு கால்கள். தட்டையான உடம்பு. மார்பில் வெள்ளைப் பை. சடைச்சியைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

சடைச்சியின் கை தானாகவே விளக்குமாற்றுப் பக்கம் போனது. போன கையை அவள் பார்த்தாள். இழுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒரு புதுக் கலயத்தை எடுத்து, சிலந்தியின் மேல் மெதுவாகக் கவிழ்த்தாள். மருதையன் ஒரு பனையோலையைச் சுவருக்கும் கலயத்துக்கும் நடுவில் செருகினார். ஓலையோடு கொண்டுபோய் விறகுக் குவியலில் இறக்கிவிட்டார்கள்.

தப்பு நடந்துபோச்சு, எப்போது வேண்டுமானாலும் மூலைக்குத் திரும்பி வா என்று மருதையன் கேட்டுக்கொண்டார்.

"வருவேன் வேளாரே, கரப்பான் இருக்கிற இடத்துக்கு வந்துதானே ஆகணும்," என்றாள் சிலந்தி. "ஆனா இனிமே கேட்டுக்கிட்டு வரமாட்டேன். வலை கட்ட மாட்டேன். பையைக் கீழ வைக்க மாட்டேன். நிக்கிறேன்னு சொன்னதை மட்டும் இன்னும் விடலை. நிப்பேன். உங்க கையைப் பார்த்துக்கிட்டே நிப்பேன்."

அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

பத்து நாள் கழித்து ஒருவர் முதுகில் அக்கியோடு வந்தார். மருதையன் சிங்கத்தை எழுதினார், நாயை எழுதினார். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதினார். "எட்டுக்கால் பூச்சிதானே வேளாரே?" என்று வந்தவர் அவராகவே கேட்டார். மருதையன் இறகைக் கழுவினார். ஒருமுறை கழுவியதையே மறுபடியும் கழுவினார். பதில் வராததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வந்தவர் நிம்மதியாக எழுந்து போனார். அந்தப் பழி இன்னும் ஊரில் இருக்கிறது.

சுவர்ச்சிலந்தி வலையில்லாமல் அலைவதும், தட்டையான உடம்போடு விரிசலில் ஒண்டுவதும், முட்டைப் பையை மார்பிலேயே சுமப்பதும் அன்று முதல்தான். நாம் விளக்கைப் போட்டதும் அவள் சுவரில் அசையாமல் நிற்கிறாள். நம்மை முறைக்கிறாள் என்று நாம் பயப்படுகிறோம். அவள் பார்ப்பது நம் முகத்தை அல்ல. விளக்குமாற்றுக்குப் போகிறதா, கலயத்துக்குப் போகிறதா என்று நம் கையைத்தான் பார்க்கிறாள்.