முப்பத்தொன்றின் பெயர்

மடம் குன்றின் மேல் இருந்தது. ஏறுவதற்குத் தொண்ணூற்றாறு படிகள். நூல் மில் முதலாளி செங்கோடர் அன்று ஓரிடத்திலும் நிற்காமல் ஏறி வந்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு.

அடுப்படியிலிருந்து சமையற்காரர் மாரப்பன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க முதலாளி, போன தைக்கு ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. இப்ப வெள்ளாட்டுக் குட்டியாட்டம் தாவுறீங்க. பொண்ணு கிண்ணு பாக்கறீங்களா?"

செங்கோடர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கேலி அவருக்குப் பிடித்திருந்தது.

மடத்தின் தலைவி நிறைமதி அம்மை கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார். செங்கோடரைவிட இருபது வயது இளையவர். மனைவி இறந்ததிலிருந்து ஒன்பது ஆண்டுகளாகச் செங்கோடர் அவரிடம்தான் பாடம் கேட்கிறார். 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மா, ஒரு கேள்விங்க."

"கேளுங்க ஐயா."

செங்கோடர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை மடிப்பில் வட்டமாக ஒரு நீலப் பிளாஸ்திரி.

"டவுன்ல ஒரு சிகிச்சை நிலையம் இருக்குதுங்க. பத்தொம்பது, இருபது வயசுப் பிள்ளைங்க ரத்தத்தை எடுத்து, அதுல இருந்து மஞ்சளா ஒரு நீரைப் பிரிக்கறாங்க. அதை மாசம் ஒருக்கா எனக்கு ஏத்தறாங்க. எட்டு மாசமாச்சு. கிழட்டு உடம்பு இளசாகும்னு சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தெரியுது."

"சரி, கேள்வி என்ன?"

"கொடுக்கறவங்க விருப்பப்பட்டுத்தான் கொடுக்கறாங்க. அதுக்குக் காசும் வாங்கிக்கறாங்க. எடுத்தது மறுபடி ஊறிக்குமாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் மனசு உறுத்துது. இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அம்மை கீரையை உதறிக் கூடையில் போட்டார்.

"சாப்பாட்டு நேரமாச்சு. வாங்க."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய அரிசியைக் கொடுத்தவர் யாரோ, அவர் பெயரை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை சொல்வார்கள். அதன் பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். பெயர் தெரியாத அரிசியை உலையில் போடுவதில்லை. ஒருமுறை யாரோ ஒரு மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் வெறும் கீரைதான்.

அன்றைக்குச் செங்கோடர் கொடுத்த அரிசி. "செங்கோடர்" என்று பதினான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே இத்தனை படிகளை ஏறலாம் என்று அவருக்கு எப்போதும் தோன்றும்.

மற்றவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். அவரும் இலையில் கை வைக்கப் போனார்.

"ஐயா, நீங்க இருங்க" என்றார் அம்மை. "எங்க உடம்புக்குள்ள போறது உங்க அரிசி. உங்க பேரைச் சொல்லிட்டோம். எட்டு மாசமா உங்க உடம்புக்குள்ள போறது யாரு கொடுத்தது? அந்தப் பேரைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

"பேரு தெரியாதுங்களே. பையில ஒரு நம்பர் மட்டும் போட்டிருக்கும். முப்பத்தொண்ணு. முதல் தடவையே உடம்புக்கு ஒத்துக்கிச்சு. அதனால அந்த நம்பரையே கேட்டு வாங்கறேன்."

"அப்ப, தெரிஞ்சுக்கிட்டு வந்து சாப்பிடுங்க."

மாரப்பன் வந்தார். செங்கோடரின் இலையை எடுத்துக்கொண்டு போனார்.

சிகிச்சை நிலையத்தின் முன்வாசலில் கண்ணாடிக் கதவும் மீன் தொட்டியும் இருந்தன. வரவேற்பில் இருந்த பெண் கை கூப்பினாள்.

"பேரு சொல்லக் கூடாதுங்க சார். உங்க பேரும் அவங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது."

கொடுக்கிறவர்களுக்குப் பின்பக்கம் வேறு வழி இருந்தது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் படிக்கட்டு. எட்டு மாதத்தில் செங்கோடர் அந்தப் பக்கம் போனதே இல்லை. இப்போது போய் நின்றார். இறங்கி வருகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை இருந்தது. அதில் எண் எழுதியிருந்தது. முதல் நாள் நின்றார். இரண்டாம் நாளும் நின்றார். மூன்றாம் நாள் முப்பத்தொன்று இறங்கி வந்தது.

ஒல்லியான ஒரு பெண். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முழங்கை மடிப்பிலும் அதே நீல வட்டம்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"தாத்தா, மூணு நாளா இங்கயே நிக்கறீங்களாமே. வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. உங்ககிட்ட எல்லாம் எடுக்க மாட்டாங்க தாத்தா. இருபத்தஞ்சு தாண்டுனாலே வேண்டாம்னுடுவாங்க. வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க."

செங்கோடர் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

ரத்தம் எடுத்ததும் உள்ளே கொடுக்கிற மாம்பழச் சாறு அவள் கையில் இருந்தது. அதில் குழலைக் குத்தி நீட்டினாள். "குடிங்க. எனக்குக் குமட்டுது, இறங்காது."

மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத செங்கோடர் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"உன் பேரு என்ன கண்ணு?"

"சங்கவி. உள்ள போனா முப்பத்தொண்ணு." அவள் சிரித்தாள். "நர்சுக்குப் படிக்கறேன் தாத்தா. ஊசி போடக் கத்துக்கறதுக்காக ஊசி குத்திக்கறேன்."

"மாசம் ஒருக்காத்தானே எடுப்பாங்க?"

"யாரு சொன்னா? ஒரு தடவை ஏத்தறதுக்கு நாலு தடவை எடுக்கணும். மூணு மாசமா புத்தகத்தைத் திறந்தா எழுத்தெல்லாம் மிதக்குது."

"விட்டுடலாமே?"

"விட்டா பீஸ் யாரு கட்டுவா? யாரோ ஒரு பெரியவரு என்னோடதுதான் வேணும்னு கேட்டு வாங்கறாராம். அவரு இருக்கற வரைக்கும் என் படிப்பு ஓடும். செவ்வாய்க்கிழமையானா அவருக்காக அம்மன் கோயில்ல விளக்குப் போடறேன். அவரு நல்லா இருக்கணும், நூறு வயசு தாண்டி இருக்கணும்னு."

பஸ் வந்தது. அவள் எழுந்தாள். தலை சுற்றியது போலிருக்கிறது. செங்கோடரின் தோளைப் பிடித்து ஒரு நொடி நின்றாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் செங்கோடர் மடத்துக்கு வந்தார். தொண்ணூற்றாறு படிகளையும் நிற்காமல் ஏற முடிந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். செங்கோடர் அம்மையின் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். மாம்பழச் சாற்றையும் விடவில்லை. அம்மை கடைசி வரை கேட்டார்.

"அவ பீஸை நீங்க சும்மாவே கட்டியிருக்கலாமே ஐயா. உங்களுக்கு அது ஒரு பெரிய காரியமா?"

"தோணுச்சுங்க."

"அப்புறம்?"

செங்கோடர் தரையைப் பார்த்தார்.

"சட்டைப் பையில கையும் விட்டேன். கொடுத்துட்டா இனிமே அவ வரமாட்டாளேன்னு இன்னொரு நினைப்பு முந்திக்கிச்சு. கை வெளிய வரலைங்க. பஸ் போயிருச்சு."

மாரப்பன் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"அம்மா, நான் இனி என்ன பண்ணட்டும்?"

அம்மை எழுந்து போய் ஓர் இலை கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார். தண்ணீர் தெளித்தார். தம் கையாலேயே சோறு வைத்தார். பதினான்கு பேரும் சாப்பிடாமல் செங்கோடரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு என்ன வேண்டிக்கிட்டா?"

"நான் நல்லா இருக்கணும்னு."

"நல்லா இருக்கீங்க. அவ வேண்டுதல் பலிச்சிருச்சு. பேரும் தெரிஞ்சிருச்சு. சொல்லிட்டுச் சாப்பிடுங்க."