படிகம் உதிர்த்த தாடி

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இனி என் வாயில் பல்லே நிற்க வேண்டாம். இப்போதே பாதி இல்லை, அது வேறு விஷயம்.

தெற்குச் சீமையில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கே வேதியியல் துறையில் சிவசைலம் என்று ஒரு பேராசிரியர். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி.

படிகமாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் திரவத்தில் அதே பொருளின் ஒரு துகளைப் போட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் இறுகும். விதை போடுவது என்பார்கள். சிவசைலம் ஆயுள் முழுக்கச் செய்த படிகங்களின் தூளெல்லாம் அந்தத் தாடிக்குள் இருக்கிறது என்று துறையே நம்பியது. குடுவையோடு அவர் அறைக்குப் போவார்கள். அவர் குனிந்து பார்ப்பார். மறுநாள் படிகம் நிற்கும். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் இலைப்பக்கம் குனிந்ததில் பாயசம் கல்கண்டாகிவிட்டது. கடித்துத்தான் சாப்பிட்டோம்.

அந்தத் துறையில் இளங்கலைப் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்ய ஒரே ஓர் இடம் உண்டு. கழுவும் தொட்டியை ஒட்டிய கடைசிப் பெஞ்சு. கோடை விடுமுறைக்கு ஒருவருக்குக் கொடுப்பார்கள். முடிவில் துறைக் குழு ஒன்று பார்வையிட வரும். படிகத்தைக் காட்டினால் படிப்பு முடியும்வரை பெஞ்சு அவருக்கே. இல்லையென்றால் வேறொருவருக்கு.

அந்த வருடம் அது செண்பகவல்லிக்குக் கிடைத்தது. வகுப்பில் அவள் அதுவரை சோதித்ததெல்லாம் விடை தெரிந்த உப்புகள். இங்கே சிவசைலம் செய்யச் சொன்ன பொருளையோ இதற்குமுன் யாரும் செய்ததில்லை. விடை அவருக்கே தெரியாது. அந்த ருசி பழகிவிட்டது. திரும்பவும் உப்புக்குப் போவதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பொருள் வந்தது. எண்ணெயாக வந்தது. குளிரில் வைத்தாள், எண்ணெய். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்பக்கத்தைக் கீறிப் பார்த்தாள், எண்ணெய். தாடியிடம் போகலாமென்றால் சிவசைலம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

குழு வருவதற்கு முதல் நாள், பக்கத்துப் பெஞ்சில் பிஎச்.டி. செய்யும் அந்தோணி அவளைக் கூப்பிட்டான்.

"சார் மேஜையிலே சீப்பு இருக்கு."

"அதுக்கென்னண்ணே?"

"சீப்பிலே முடி இருக்கும்லா."

"சும்மா இருங்கண்ணே. நான் கெமிஸ்ட்ரி படிக்கேன்."

"நானும் அதைத்தான் படிக்கேன். ஆறாவது வருஷமா."

அன்று மத்தியானம் சீப்பிலிருந்து ஒரு முடியை உருவி எண்ணெயில் போட்டாள். முடி மிதந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

சாயங்காலம் குடுவையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் யாரோ படுத்திருந்தார். வேறு வார்டுக்கு வந்துவிட்டோம் என்று திரும்பினாள்.

"இங்கதாம்மா."

தாடி இல்லை. புருவம்கூட இல்லை. ஊசி மருந்தில் எல்லாம் கொட்டிவிட்டிருந்தது. அவள் குடுவையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"கொடு, பார்ப்போம்."

கொடுத்தாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உள்ளே என்ன முடி?"

அவள் துப்பட்டாவை மடிக்கத் தொடங்கினாள்.

"என்னுதா?"

"சீப்பிலே இருந்தது சார்."

சிவசைலம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

"என் மேலே ஒண்ணும் மிச்சமில்லை. இங்கே ஒண்ணு நீந்திக்கிட்டு இருக்கு."

"மன்னிச்சிருங்க சார்."

"இந்தப் பொருளை இதுக்கு முன்னால யாரு செஞ்சா?"

"யாரும் செய்யலை சார்."

"அப்புறம் அதோட விதை என் தாடிக்கு எப்படி வரும்?"

அவளுக்குக் காது சுட்டது.

"மத்தவங்களுக்கெல்லாம் படிகம் வந்துச்சே சார்?"

"கொண்டுவந்து என் மேஜையிலே வைப்பாங்க. எனக்குப் பயந்து ஓடிருவாங்க. மறுநாள் வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க. அது பாட்டுக்கு அசையாமக் கிடந்து இறுகும். நீ எப்படி, அடிக்கடி தூக்கிப் பார்ப்பியோ?"

"பார்த்துக்கிட்டேதான் இருப்பேன் சார்."

"ம்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லிட்டா என் அறைக்கு யாரு வருவா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். நர்ஸ் வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"அப்ப இங்கேயே வெச்சுட்டுப் போகட்டுமா சார்?"

"வெச்சுட்டுப் போ. வந்தாலும் வரும்."

"குழு நாளைக்குக் காலையிலே சார்."

"நாளைக்குன்னு அதுகிட்ட யாரும் சொல்லலையே."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வரலைன்னா பெஞ்சு போயிரும் சார். கோடை முழுக்க நின்னிருக்கேன். கையிலே ஒண்ணுமே இல்லை."

"இது என்ன?"

"எண்ணெய் சார்."

"என்.எம்.ஆர். சோதனை எடுத்தியா?"

"எடுத்தேன். சுத்தமா இருக்கு. நீங்க வரைஞ்சு கொடுத்த அதே மூலக்கூறு அமைப்பு."

"படிகமானா வேற பொருளாயிருமா?"

"ஆகாது சார். அதேதான்."

"அப்ப செஞ்சுட்டே."

அவள் அவரைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவர் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். நாடியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. தாடிக்குள் இருந்தவரைக்கும் அது யாருக்கும் தெரியாது.

"குழுகிட்ட இதையே சொல்லட்டுமா சார்?"

"சொல்லு. முடியை எடுத்துட்டுச் சொல்லு."

"ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் சார்?"

அவர் குடுவையை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.

"அப்புறம் என்ன. அடுத்து வர்ற பிள்ளைக்குப் பெஞ்சை நல்லாத் துடைச்சு வெச்சுட்டு வா."

அவள் குடுவையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

யார் சொன்னது என்று எவராவது கேட்டால் தெரியாதென்று சொல்லிவிடுங்கள். அந்தத் துறைப் பக்கம் எனக்கு இன்னும் போக்குவரத்து இருக்கிறது.