சரிவு யாருடையது?

அந்தக் காட்டில் கரடிகள் எஜமானர்கள், காட்டுப்பன்றிகள் அடிமைகள். பன்றிகள் ஆற்றங்கரைச் சரிவுகளில் மூக்கு தேயத் தேயக் கிழங்கு தோண்டும். அதில் பாதி கரடிக்குப் போய்விடும். கரடியைக் கேட்காமல் ஒரு பன்றியும் ஆற்றைத் தாண்ட முடியாது.

முள்ளி என்றொரு பெண்பன்றி இருந்தாள். அவளுடைய எஜமான் சடையன் என்ற கரடி. ஒரு தேன்கூட்டுக்கு ஆசைப்பட்டு, அவள் புருஷனைப் பக்கத்து மலைக் கரடிக்குக் கொடுத்துவிட்டான் சடையன். போகும்போது புருஷன் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தான். அதற்கும் ஓர் அறை விழுந்தது.

ஒருநாள் நரி பாறைமேல் ஏறிக் கத்தியது. "சிங்க ராஜாவின் கட்டளை! இன்றுமுதல் இந்தக் காட்டில் யாரும் யாருக்கும் அடிமை இல்லை!"

பன்றிகள் சேற்றில் புரண்டு கூத்தாடின. கூனன் என்ற கிழட்டுப் பன்றி ராஜாவின் குகை இருந்த திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டான். "நம் ராஜா தெய்வம்!" என்று அழுதான்.

மறுநாள் முள்ளி குட்டிகளோடு சரிவுக்குப் போனாள். அங்கே சடையன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கே வந்தாய்?"

"கிழங்கு தோண்ட. இனிமேல் எங்களுக்காக!"

"நன்றாகச் சொன்னாய்! உன் மூக்கு உன்னுடையது. உன் கால் உன்னுடையது. மண் மட்டும் என்னுடையது. ராஜாவின் கட்டளையே அப்படித்தான்!"

"இது வெறும் கல்லாகக் கிடந்த இடம்! என் அம்மா மூக்கில் ரத்தம் வடிய வடியப் புரட்டிய மண்!"

"அதற்கு நான் என்ன செய்ய? வேண்டுமானால் தோண்டு. ஆனால் இனி பாதி போதாது, முக்கால் பங்கு கொடு. வறட்சி வந்தால் என்னிடம் வந்து நிற்காதே. நீதான் சுதந்திரப் பிராணி ஆயிற்றே!"

முள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூனனோ, "ராஜாவுக்கு இது தெரியாது, தாயி. தெரிந்தால் இவன் தோலை உரித்துவிடுவார்!" என்றான். இருவரும் குகைக்கு நடந்தார்கள்.

குகை வாசலில் கரடிகள் காவல் நின்றன. சிங்கம் கொட்டாவி விட்டது.

"விடுதலை கொடுத்தேனே! இன்னும் என்ன?"

"ராஜா, கட்டை அவிழ்த்துவிட்டீர்கள். நாங்கள் எங்கே கால் வைப்பது? எதைத் தின்பது?" என்று கேட்டாள் முள்ளி.

"கரடிகளின் மண்ணில் கை வைத்தால் என் சிம்மாசனத்தை யார் தாங்குவது? போ, போ! நன்றி கெட்ட ஜென்மங்கள்!"

வெளியே வந்ததும் கூனன், "எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான்" என்று காறித் துப்பினான்.

திரும்பும் வழியெங்கும் சரிவு சரிவாக நின்று முள்ளி கத்தினாள். "ராஜா நம்மை விற்றுவிட்டார்! நம் மண்ணை நாமே எடுத்தால்தான் உண்டு! யாரும் ஒரு கிழங்குகூடக் கொடுக்காதீர்கள்!"

சடையன் சரிவில் உழைத்த பன்றிகளெல்லாம் அங்கே ஒன்றாக வந்தன. முதலில் மண்ணில் மூக்கை வைத்தவன் கூனன்தான்.

"எடு மூக்கை!" என்று உறுமினான் சடையன்.

கூனன் எடுக்கவில்லை. ஒரே அடி! கிழவன் அந்த மண்ணிலேயே விழுந்து செத்தான்.

பன்றிகள் ஓடும் என்று சடையன் காத்திருந்தான். ஒன்றும் ஓடவில்லை. முள்ளி கூனனைத் தாண்டி முன்னே வந்தாள். "அடி! எத்தனை பேரை அடிப்பாய்? அடித்துவிட்டு நீயே தோண்டித் தின்!"

ஆண்பன்றிகள் கோரைப்பற்களைத் தாழ்த்திக்கொண்டு இரண்டு பக்கமும் நெருங்கின. சடையன் மற்றக் கரடிகளைக் கூவி அழைத்தான். யாரும் வரவில்லை, ஒவ்வொரு சரிவிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. அவன் பின்வாங்கி, ஆற்றில் விழுந்து, அக்கரை ஏறி ஓடினான்.

கூனனை அவன் விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள். முள்ளி கிழங்கைத் தோண்டிக் குட்டிகளுக்குப் போட்டாள். முக்கால் பங்கு இல்லை, பாதியும் இல்லை; மொத்தத்தையும் போட்டாள். தின்னும் குட்டிகளைப் பார்த்தபோதும் அவள் கோபம் ஆறவில்லை.

உழைத்தவருக்கு மண்ணைக் கொடுக்காமல் விடுதலையை மட்டும் கொடுப்பவன், அவர்களை இன்னொரு முறை அடிமையாக்குகிறான்.