மெட்டு அவனுக்கு, சொல் அவளுக்கு

பறவைகளுக்குப் பேச்சு இருந்து, ஞாபகம் மட்டும் இல்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. வாய் ஓயாது; ஆனால் காலையில் சொன்னது மாலைவரை நிற்காது. விஷக் காயைத் தின்று அக்கா செத்தால், கொஞ்ச நாளில் தங்கை அதே காயைக் கொத்திக்கொண்டிருப்பாள். கூடு கட்டுவதும் அப்படித்தான். ஒவ்வொரு கோடையிலும் முதலிலிருந்து, தப்பும் தவறுமாக. பாதிக் கூடுகள் முதல் காற்றுக்கே முட்டையோடு கீழே வந்துவிடும்.

ஆற்றங்கரை மருதந்தோப்பில் புள்ளி என்றொரு பெண்குயில் இருந்தாள். பழுப்பு உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டு, அதனால் அந்தப் பெயர். போன கோடையில் விழுந்த கூடுகளில் அவளுடையதும் ஒன்று. கீழே இறங்கிப் பார்த்தபோது உடைந்த ஓடு கிடந்தது, அதன்மேல் எறும்பு. எங்கே தப்புச் செய்தோம் என்று யோசித்தாள். எப்படிக் கட்டினோம் என்பதே நினைவில் இல்லை. முட்டை போனதைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் கிளையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் தலைக்குள் ஏதோ ஓடுவது தெரிந்தது. கூர்ந்து கவனித்தாள். முந்தின நாள் படித்துறையில் யாரோ துணி அடித்த சத்தம். தப்பு, தப்பு, தப்பென்று அப்படியே இருந்தது. வேண்டாம் என்றாலும் போகவில்லை. எதுவுமே தங்காத மண்டையில் இது எப்படித் தங்கியது என்று நாள் முழுக்கக் குழம்பினாள். பிறகு அந்த அடி ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொல்லைத் தூக்கி உட்கார வைத்தாள். உட்கார்ந்த சொல் நழுவாமலிருக்கக் குரலை ஏற்றினாள், இறக்கினாள்.

*கவட்டைக் கிளை தேடு, காத்து வர்ற பக்கம் பாரு,*
*முள்ளுக் குச்சி அடியில வை, நாரைக் கொண்டு முடிச்சுப் போடு,*
*பஞ்சைத் தேடி மெத்தை செய்யி, பாம்பு வர்ற வழியை மூடு...*

மறுநாள் விடிந்ததும் வாயைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. ஒரு சொல் மறுசொல்லின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

தனக்கென்று அவள் வைத்துக்கொள்ளவில்லை. தைக்குள் தோப்பே அதைப் பாடியது. எந்தக் காய் விஷம், எந்த மாதம் எந்தக் குளம் வற்றும் என்று அடுத்தடுத்துப் பாட்டுக் கட்டினாள். தூக்கணாங்குருவி நாரை முடிச்சுப் போடும் அடியை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடியது. காத்தாயி என்கிற அண்டங்காக்கைக்கு மெட்டே நிற்காது. கரகரவென்று அவளும் முணுமுணுத்தாள்.

"காத்தாயி அக்கா, நீ பாடுனா கிளை காய்ஞ்சு போகும் போலிருக்கே," என்றாள் புள்ளி. எல்லோரும் சிரித்தார்கள். காத்தாயியும் சிரித்து வைத்தாள்.

கோடை தொடங்கியது. தோப்பு முழுக்கக் கூடுகள் எழுந்தன, காற்றுக்கு அசையாமல் நின்றன. ஊருக்கே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்ததில் புள்ளி மட்டும் இன்னும் தொடங்கவில்லை. வயிற்றில் முட்டை வந்துவிட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தாள்.

அப்போதுதான் பெரிய நாரையார் சபையைக் கூட்டினார். அந்தத் தோப்புக்கு அவர் சொல்தான் சட்டம். குரலை உயர்த்தவே மாட்டார். அநியாயத்தைக்கூட அவர் சொன்னால் அறிவுரை மாதிரி இருக்கும்.

"புள்ளி நல்ல பொண்ணு. யாரு இல்லேங்கிறா?" என்று ஆரம்பித்தார். "ஆனா சபையில நான் பேசினா எல்லாம் கொட்டாவி விடுதுங்க. இவ பாட்டைத் தூக்கத்துலகூட முணுமுணுக்குதுங்க. இது எங்க போயி முடியும்?"

"நீங்களும் மெட்டுப் போட்டுப் பேசுங்க, ஐயா. உங்களை யாரு தடுத்தா?" என்றாள் புள்ளி.

கிளைகளில் சிரிப்பு ஓடியது. நாரையாரும் புன்னகைத்தார். சிரிக்காதவன் ஒருவன்தான், அவள் கணவன் கரியன்.

"என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்பிடறதில்லை, ஐயா," என்றான் அவன். "புள்ளி வீட்டுக்காரன்கிறாங்க. என் குரல் இவளோடதைவிட ரெண்டு தோப்புத் தாண்டிக் கேக்கும். ஆனா பாட்டு மட்டும் இவளுது."

"இதை ஏன் வீட்டுல எங்கிட்ட சொல்லலை?" என்றாள் புள்ளி.

"வீட்டுல நீ பாடிக்கிட்டே இருந்தே."

நாரையார் கழுத்தை மெல்ல நீட்டினார். "சண்டை எதுக்கு? பங்கு பிரிச்சுடலாம். மெட்டு அவனுக்கு, சொல்லு உனக்கு. அவன் உச்சிக் கிளையில உக்காந்து பாடட்டும், எல்லாருக்கும் எட்டும். நீ நிழல்ல உக்காந்து சொல்லிக் குடு. விஷயம் உன்கிட்டதானே இருக்கு? மெட்டுங்கிறது வெறும் காத்து. படிச்சவளுக்கு அது எதுக்கு?"

படிச்சவள் என்று அவளை அதுவரை யாரும் சபையில் சொன்னதில்லை. அங்கேதான் விழுந்தாள். வாதாடத் தெரிந்தவள் அன்றைக்குத் தன்னோடே வாதாடினாள். சரக்கு சொல்லில்தானே இருக்கிறது? மெட்டு அதைச் சுற்றிய இலை. இலையைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாமே. எதிர்த்துப் பேச ஆளில்லாததால் எளிதாக ஜெயித்தாள். அந்தச் சொற்களை மெட்டில்லாமல் ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

"சம்மதம்," என்றாள்.

"சத்தியம் பண்ணு."

சத்தியம் என்றால் அந்தத் தோப்பில் பிள்ளைமேல்தான். வேறு எதன்மேல் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அப்பன்கள் செய்வதில்லை, அம்மாக்கள்தான் செய்ய வேண்டும். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. புள்ளி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.

"என் முட்டைமேல சத்தியம். மெட்டு இனி என் வாயில வராது, மனசுலயும் ஓடாது. மீறினா இந்த முட்டை எனக்கில்லை."

மறுநாள் காலை அவள் கவட்டைக் கிளை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அடுத்து என்ன என்று வாயைத் திறந்தாள். காற்று. காற்றுக்கு என்ன? காற்று வரும் பக்கமா, போகும் பக்கமா? முள்ளுக் குச்சி என்று ஒன்று இருந்தது, அது மேலேயா அடியிலா? இருட்டில் படிக்கட்டு இறங்குகிறவள்போல் காலை நீட்டி நீட்டிப் பார்த்தாள். படி இல்லை. மெட்டுதான் படி. மெட்டை நினைக்காமல் சொல்லை நினைக்கப் பார்த்தாள். சொல் வருவதற்குள் மெட்டு எட்டிப் பார்த்தது. பதறிப்போய் மனதை மூடிக்கொண்டாள். முட்டைக்குக் கூடு வேண்டும். கூட்டுக்குப் பாட்டு வேண்டும். பாடினால் முட்டை போய்விடும்.

இப்படியே சில நாள் போனபின் ஒரு சாயங்காலம் கரியனிடம் போனாள். அவனைச் சுற்றிக் கூட்டம். காத்திருந்து கிட்டே போனாள்.

"நான் பாடக்கூடாதுன்னுதான் சத்தியம். கேக்கக்கூடாதுன்னு இல்லை. நீங்க முழுசாப் பாடுங்க. நான் கேட்டுக்கிட்டே கட்டிடறேன்."

"அதுக்கென்ன," என்றான் கரியன். பெருந்தன்மையாகத்தான் சொன்னான். கழுத்தை உயர்த்தினான்.

கூ... ஊ.

கவட்டைக் கிளை தேடு என்று அவளுக்குள் சொல் எழுந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

கூ... ஊ.

கவட்டைக் கிளை தேடு.

"அடுத்த அடி?"

"அதெல்லாம் விட்டுட்டேன். கீழ இறங்கி இறங்கி வரும், கேக்கவே சப்புன்னு இருக்கும். இந்த ஏத்தம்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. இதை மட்டும் பாடுன்னு நாரையாரே சொல்லிட்டாரு."

"அந்த எறக்கத்துலதான் கூடு இருந்துச்சு."

"எனக்கு அது ஞாபகம் இல்லை, புள்ளி. நெசமா."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பாடாமல் விட்டது அவனுக்கும் போய்விட்டது.

"நீ இதுக்குத்தான் வாங்கினியா?" என்றாள். அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

மற்றவர்களிடம் போகலாம் என்றால், மெட்டு கரியனுக்கென்று ஆனபின் வேறு யாரும் வாய்விட்டுப் பாடக்கூடாது; தோப்பில் முழுப் பாட்டும் யாரிடமும் மிச்சமில்லை. உச்சிக் கிளைப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அவரவர் கூட்டுக்கு வேண்டிய ஓரடி ஈரடியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் காத்தாயியின் மரத்துக்குப் போனாள். காத்தாயி குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகியபடி கரகரத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடுவதைப் பாட்டென்று சபையில் யாரும் மதிக்காததால் யாரும் தடுக்கவில்லை. கூடு பார்க்க அலங்கோலமாக இருந்தது. ஆனால் நின்றது.

"அக்கா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் எனக்குச் சொல்லு."

"நீ கட்டுன பாட்டையா?"

"ஆமா."

"நான் பாடினா கிளை காய்ஞ்சிடுமேடி. பாத்து, நீ வேற கிளையில உக்காந்திருக்கே." காத்தாயி ஒரு குச்சியைச் சொருகினாள். "போயி உன் வீட்டுக்காரன்கிட்ட கேளு. குரல்னா அதுதான் குரல்னு ஊரே சொல்லுதே."

காத்தாயி இரை தேடப் பறந்தாள். அவள் போகவும் புள்ளிக்கு வலி வரவும் சரியாக இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஊரார் கூடுகள், அத்தனையும் அவள் பாட்டில் எழுந்தவை. பக்கத்தில் ஆளில்லாமல் இருந்தது இது ஒன்றுதான். இறங்கினாள், காத்தாயியின் முட்டைகளோடு தன் முட்டையையும் இட்டாள், இலைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

காத்தாயி திரும்பி வந்து வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்தாள். அடைகாத்தாள், ஊட்டினாள். குஞ்சு வளர்ந்து கூட்டு விளிம்புக்கு வந்த அன்று, புள்ளி கிட்டத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான்தான் உன் அம்மா என்று சொல்ல வந்தாள். மெட்டைக் காவல் காத்துக் காவல் காத்து அவள் பூட்டி வைத்த மனதில் சொல்லும் செத்துப்போயிருந்தது. கிக், கிக், கிக் என்று ஏதோ வந்தது. குஞ்சு பயந்து உள்ளே ஒண்டிக்கொண்டது.

மரத்தடியில் மனிதர்கள் இருவர் போய்க்கொண்டிருந்தார்கள், அண்ணனும் தம்பியும். உச்சியில் கரியன் கூவினான்.

"என்னமாப் பாடுறா பாருடா," என்றான் அண்ணன்.

"குயிலாச்சே. பொண்ணுக்குத்தான்ணே இந்தக் குரல் வரும்," என்றான் தம்பி. தாழ்ந்த கிளையில் புள்ளி புள்ளியாக ஏதோ அசைவதைப் பார்த்துவிட்டு, "அது என்ன, பருந்துக் குஞ்சா?" என்று ஒரு கல்லை விட்டெறிந்தான். அவள் பறந்து போனாள்.

அந்தக் கோடை தொட்டு இன்றுவரை ஆண்குயில் அந்த ஓரடியைத்தான் உச்சியிலிருந்து கூவிக்கொண்டிருக்கிறது. பெண்குயிலுக்குக் கட்டத் தெரியவில்லை, காக்கைக் கூட்டில் முட்டையிட்டு ஒளிகிறாள். நாமோ, பாட விடாமல் வாய் அடைக்கப்பட்ட பெண்குயிலின் பெயரைத்தான், நன்றாகப் பாடுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் மேடையில் பட்டமாகக் கொடுத்துக் கைதட்டுகிறோம்.