முரசின் மேல் உட்கார்ந்தவன்

முன்னொரு காலத்தில், தான் வருவதை மீன்களுக்கும் முரசறைந்து சொல்லிவிட்டுத் தூண்டில் போட்ட ராஜா ஒருவர் இருந்தார். ராஜா எங்கே போனாலும் முரசு கூடவே போகவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். ஏரிக்கரையிலும் மூன்று நாள் டமடமவென்று அடித்தார்கள். மூன்று நாளும் தங்கத் தூண்டிலில் பாசிதான் சிக்கியது. கடைசி நாள் ராஜா அந்தப் பாசியைப் பலமாக இழுத்தார். பாசி வரவில்லை, ராஜா ஏரிக்குள் போனார்.

குடுமியைப் பிடித்துக் கரையேற்றியவன் ஓடக்காரன் சேந்தன். பட்டுக் குடைக்கு அடியில் நின்ற பிரபுக்கள் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவன் அரண்மனை விகடன் கூத்தாண்டி ஒருவன்தான்.

அமைச்சர் வைரமேகனார் முன்னே வந்தார். பொரித்துத் தட்டில் வைத்த மீனைத் தவிர வேறு மீனை அறியாத மனிதர். மேட்டில் இருந்த தன் தோட்டத்தை ஏரிவரை நீட்டிக்கொள்ள அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நடுவில் ஓடக்காரர் குடிசைகள் இருந்தன.

"மகாராஜா! இந்த ஓடக்காரர்கள் மீன்களை ஒளித்து வைக்கிறார்கள். குடிசைகளைப் பிடுங்கி எறிந்தால் மீன் தானே வரும்."

மீனை எங்கே ஒளிப்பது என்று ஒரு பிரபுவும் கேட்கவில்லை. நனைந்துபோன ராஜாவுக்கு யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டும். "நாளை பொழுது சாய்வதற்குள் முப்பது குடிசையும் போகட்டும்!"

"சாமி, எம் பொஞ்சாதி உலை வச்சுட்டு உக்காந்திருக்கா," என்றான் சேந்தன்.

கூத்தாண்டியின் சிரிப்பு நின்றது. "மகாராஜா, அதற்குள் மீன் தங்களிடம் வந்துவிட்டால்?"

அமைச்சர் முந்திக்கொண்டார். "வரட்டுமே! தூண்டில் இல்லாமல், வலை இல்லாமல், யார் கையும் படாமல், தரையில் நடந்து வந்து மன்னர் பாதத்தில் விழட்டும்! வராவிட்டால் விகடனும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

பிரபுக்கள் தொந்தி குலுங்கச் சிரித்தார்கள். "அப்படியே ஆகுக," என்றார் ராஜா.

கூத்தாண்டி சேந்தனை ஓரமாகக் கூப்பிட்டான். "அண்ணே, இந்த ஏரியில பனையேறிக் கெண்டை உண்டா?"

"கொள்ளையாக் கெடக்கு. புதுத்தண்ணி தரையில ஓடுனா செவுள ஊனி ஊனி மேடேறும். எங்க பொம்பளைக வெளக்குமாத்தால கூட்டி அள்ளுவாக. ஆனா மழைக்கு எங்கய்யா போறது?"

"மழை எதுக்கு? மேட்டுல அமைச்சரோட தாமரைக்குளம் இருக்குதே."

மறுநாள் ஏரிச்சரிவில் ராஜாவுக்கு ஆசனம் போட்டார்கள். "மகாராஜா, விருந்தாளி நடந்து வருகிறார். வழியில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும், அதுவரை முரசை நிறுத்தவும் உத்தரவு வேண்டும்," என்றான் கூத்தாண்டி.

"தெளி," என்றார் ராஜா.

மேலே சேந்தன் குளத்து மடையைத் திறந்தான். தண்ணீர் சலசலவென்று ராஜாவின் பாதத்தை நனைத்துக்கொண்டு ஏரியில் இறங்கியது. "என் குளம்!" என்று அலறினார் அமைச்சர்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு மீன் கரையேறியது. செவுளை ஊன்றியது, வாலை உந்தியது, புரண்டு நிமிர்ந்து மறுபடி ஊன்றியது. பின்னாலேயே பத்து, நூறு. முதல் மீன் ராஜாவின் கால்விரலில் வந்து முட்டி நின்றது.

மற்றவை பிரபுக்கள் நடுவே புகுந்தன. பாம்பு என்று ஒருவர் கத்த, பட்டு வேட்டிகள் சேற்றில் சரிந்தன. அமைச்சரின் மடிக்குள் இரண்டு மீன்கள் துள்ளின. அவர் கையை ஓங்கினார்.

"ஐயையோ, அமைச்சரே! கை படக்கூடாது! நிபந்தனை தங்களுடையது," என்றான் கூத்தாண்டி.

ராஜா சிரித்ததில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. "குடிசைகள் அங்கேயே இருக்கட்டும். கூத்தாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"அந்த முரசு, மகாராஜா."

"அடிக்கவா?"

"உட்கார."

அடுத்த முறை ராஜா தூண்டில் போட்டபோது கூத்தாண்டி முரசின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கரை அமைதியாக இருந்தது. விரல் நீளத்தில் ஒரு கெளுத்தி மாட்டியது.

"ஆகா, திமிங்கலம்!" என்றார்கள் பிரபுக்கள்.

"கொழம்புக்குக் காணாது, சாமி," என்றான் சேந்தன்.

ராஜா சிரித்த சிரிப்பில் அந்தக் கெளுத்தியும் நழுவி ஏரிக்குள் போய்விட்டது.