காட்டைப் பெருக்கிய ராணி

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. மேகங்கள் மாடுகளைப் போல ஊருக்குள் இறங்கி வந்து, குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகுமாம். நம்புகிறவர்கள் நம்பலாம். அந்தக் காலத்தில் விளக்கனூர் என்ற சின்ன நாட்டை உமைநங்கை என்ற ராணி ஆண்டுவந்தாள்.

ஊருக்கு மேற்கே ஓர் இலுப்பைக் காடு. அதன் நடுவே காட்டம்மன் கோயில். அந்தக் காட்டு விதையை ஆட்டி எடுத்த எண்ணெயில்தான் அம்மன் விளக்கு எரியும், அரண்மனை விளக்கு எரியும், ஊர்க்கோடிக் குடிசையின் விளக்கும் எரியும். பங்குனியில் இலுப்பை பூத்தால் ஊரே அந்த வாசனையில் கொஞ்சம் கிறங்கிப்போய் நடக்கும்.

ராணிக்கு ஒரே மகள், மயிலி. ஒரு வருடம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கு இறங்கவில்லை, மந்திரத்துக்கு இறங்கவில்லை, தாய் மடிக்கும் இறங்கவில்லை. ராணி காட்டம்மன் முன்னால் விழுந்தாள்.

"என் பிள்ளையை எனக்குக் கொடு தாயே. உன் காட்டை உன் கருவறை மாதிரி சுத்தமாக வைத்துக்கொள்கிறேன்."

மறுநாள் மயிலி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். ராணி துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். சிரிக்காதீர்கள். பிழைத்தது உங்கள் பிள்ளையாக இருந்தால் நீங்களும் எடுத்திருப்பீர்கள்.

முதல் வருடம் தினமும் காலையில் காட்டைப் பெருக்கினார்கள். முதல் துடைப்பம் ராணியுடையது, பிறகு ஊராருடையது. உதிர்ந்த இலை, சருகு, சுள்ளி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், காட்டுக்கு வெளியே கல் வெட்டி எடுத்த பழைய பள்ளத்தில் கொட்டினார்கள். காடு பளிச்சென்று இருந்தது. பூவும் வழக்கம்போல் பூத்தது. அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் வருடம் பூ பாதியாகக் குறைந்தது. பெருக்கியது போதாது, அம்மன் மனம் குளிரவில்லை என்றார் மந்திரி மாறனார். காலையிலும் மாலையிலும் பெருக்கினார்கள்.

மூன்றாம் வருடம் இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து. அதற்கும் மந்திரியிடம் யோசனை இருந்தது. அவரிடம் யோசனைக்குப் பஞ்சமே வந்ததில்லை. மரத்தடியெல்லாம் சாணம் தெளித்து, மெழுகி, கோலம் போடச் சொன்னார். மாக்கோலம் விரிந்த காடு எத்தனை அழகாக இருந்தது தெரியுமா? மழை வந்தது. மெழுகிய தரையில் வழுக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டது. வேருக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை.

கோயில் எண்ணெய்க் குடத்தில் அகப்பை அடி தட்டியது. ஊரில் பல வீடுகள் இருட்டிலேயே சாப்பிட்டன.

ராணி ஒரு நடுப்பகலில் துடைப்பத்தோடு தனியாகக் காட்டுக்குப் போனாள். பெருக்க ஓர் இலைகூட இல்லை. மெலிந்த நிழலில், இருப்பதிலேயே பெரிய இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்தாள். கண் செருகியது.

கனவில் அதே காடு. ஆனால் பந்தி போட்டிருந்தது. வரிசை வரிசையாக விருந்தாளிகள். மரவட்டை சுருண்டு உட்கார்ந்திருந்தது, மண்புழு நெளிந்து உட்கார்ந்திருந்தது, காளான் குடையை மடக்காமலே உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி ஆட்கள் கோடிப்பேர் இருந்தார்கள். மேலேயிருந்து மரம் மெதுவாக, மிக மெதுவாகப் பரிமாறியது. ஒவ்வொருவர் முன்னாலும் சோறு வந்து இறங்கியது. அவர்கள் கையை வைக்கப் போகும்போது யாரோ ஒரு பெண் வந்து அதை வாரிக்கொண்டு போனாள். அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும் அப்படியே.

பந்தியில் உட்கார்ந்தவர் முன்னாலிருந்து சோற்றை எடுப்பதா? ராணிக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரடி நீ என்று அதட்டினாள். அந்தப் பெண் திரும்பினாள். அவள் முகம் ராணியின் முகமாகவே இருந்தது.

மரம் பேசியது. அதன் குரலில் கோபம் இல்லை, பசி இருந்தது.

"இவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைப்பதுதான் அம்மா எனக்குச் சோறு. அதைத் தின்றுதான் நான் பூப்பேன், காய்ப்பேன், மறுபடி இவர்களுக்கு உதிர்ப்பேன். மூன்று வருடமாக நாங்கள் எல்லோரும் பட்டினி."

ராணி விழித்தாள். கோலத்தின் மேல் ஒரே ஒரு பழுத்த இலை வந்து விழுந்தது. பழக்கத்தில் கை துடைப்பத்துக்குப் போனது. எடுத்தால் மரம் சாகும். எடுக்காவிட்டால் வேண்டுதல் பொய்த்துப்போகும், பிள்ளைக்கு என்ன ஆகுமோ? அந்த ஓர் இலைதான் அவளுக்கு வந்த சோதனை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று மாலை மயிலியின் நெற்றி சுட்டது.

அரண்மனை நடுங்கியது. மந்திரி ஓடிவந்தார். காட்டில் நடந்ததை ராணி சொல்லக் கேட்டு, அந்த இலையை மட்டுமாவது எடுத்துவிடட்டுமா என்று கெஞ்சினார். ராணிக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆனாலும் மகளை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"கருவறையில் முதல் வேலை படையல் வைப்பது. நான் படையலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பசித்தவர்களைச் சாப்பிட விட்டதற்காக எந்தத் தாயும் பிள்ளையைப் பறிக்க மாட்டாள். இலை அங்கேயே கிடக்கட்டும்."

விடியும்போது மயிலிக்கு வியர்த்தது. பிறகு தூங்கினாள். பிள்ளைகளுக்கு வரும் சாதாரணக் காய்ச்சல்தான் அது. ஆனால் அந்த இரவில் அது ராணிக்குத் தெரியாது.

ஊரார் மெழுகிய தரையைக் கொத்திவிட்டு, கொட்டியதை அள்ளிவரப் பழைய பள்ளத்துக்குப் போனார்கள். வெறும் பாறையாக இருந்த பள்ளத்தில், மக்கிய சருகுக்கு நடுவே இலுப்பைக் கன்றுகள் தழைத்து நின்றன. கன்றுகளை அங்கேயே விட்டுவிட்டு, சுற்றிலும் இருந்த கருத்த மண்ணைக் கூடைகூடையாகக் காட்டுக்கே கொண்டுவந்தார்கள். மழை பெய்து மண் ஊறியது. காளான் குடை விரித்தது.

அடுத்த பங்குனியில் கொஞ்சம் பூ. அதற்கடுத்த பங்குனியில் நிறையப் பூ. அதற்கும் அடுத்த பங்குனியில் ஊர் மறுபடியும் கிறங்கிப்போய் நடந்தது. அதுவரை அம்மன் விளக்கு ஒற்றைத் திரியிலேயே எரிந்தது. அம்மன் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

முட்டளவு சருகில் சரசரவென்று நடந்தபடி மயிலி ஒருநாள் கேட்டாள், "அம்மா, இங்கே ஏன் இவ்வளவு குப்பை?"

"மெதுவாக நட கண்ணே," என்றாள் ராணி. "எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

கேட்டவர்களே, கதை இவ்வளவுதான்: நம் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது யாருக்குச் சோறு என்று தெரிந்துகொள்ளாமல், அதைக் கூட்டித் தள்ளக் கூடாது.