அட்ஜஸ்ட்

இருட்டியதும் பின்கதவை யாரோ நகத்தால் சுரண்டுவது போலச் சத்தம் கேட்கும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஜெசிந்தாவின் கணவனுக்கோ இரவு ஷிப்ட்.

தாழ்ப்பாள் கேட்டதற்கு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் தெய்வநாயகம். அவர் வாயில் அந்த வார்த்தைக்கு, குழாய் வறண்டால் காத்திரு என்றும், கூரை ஒழுகினால் பாத்திரம் வை என்றும், மறுபடி கேட்டால் வாயை மூடு என்றும் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் ஜெசிந்தா கைக்குழந்தையோடு அவர் கூடத்தில் பாய் விரித்தாள். அந்த நேரத்தில் ஒரு பெண்ணை வெளியே போகச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"தாழ்ப்பாள் போடுற வரைக்கும் இங்கதான் சார். நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

குழந்தை விடிய விடிய அழுதது. காலையிலேயே தச்சர் வந்துவிட்டார்.

இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியவள், பிள்ளையில்லாத வீட்டுக்கார அம்மா கோமதிதான். "இன்னும் ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதா, கண்ணு?" என்றாள்.

ஜெசிந்தா பதில் சொல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள். சரியென்று சொல்லியிருக்கலாமே என அன்று இருட்டும்வரை நினைத்தாள். பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.